கப்ளர் மாட்டவில்லை, விடவில்லை, வழியில் பிரிந்தது: அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை

ரயிலில் ஒரு வண்டியை அடுத்த வண்டியோடு இணைக்கும் அமைப்புதான் கப்ளர். அகலப்பாதையில் ஓடும் சரக்கு வேகன்களின் சிபிசி (சென்டர் பஃபர்) கப்ளருக்கும், எல்ஹெச்பி எனும் புதிய வகைப் பயணிகள் பெட்டிகளின் ஹெச் வகை டைட்லாக் கப்ளருக்கும் பொதுவாக எழுதியது இது. பழைய ஐசிஎஃப் வகைப் பயணிகள் பெட்டிகளின் திருகு கப்ளிங் கடைசியில் வருகிறது.

இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி, ஒன்றையொன்று கொக்கி போலக் கோத்து இழுத்துப் பாருங்கள். 1873இல் அமெரிக்காவில் ஈலை ஜேனி காப்புரிமை பெற்ற நக்கிள் கப்ளர் அந்தப் பிடிதான். இன்று யார்டில் நிற்கும் கப்ளரும் அதன் வழி வந்ததே. மடங்கிய விரல்தான் நக்கிள். அது விரிந்துவிடாமல் உள்ளே விழுந்து தடுக்கும் இரும்புக் கட்டைதான் லாக். நக்கிள் மூடியிருப்பது வேறு, லாக் விழுந்திருப்பது வேறு. கீழே வரும் பிழைகளில் பலவும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை. எந்த அறிகுறியானாலும் முதலில் லாக்கைப் பாருங்கள், பிறகு நக்கிளைப் பாருங்கள். ஒரு இணைப்பில் இரண்டு கப்ளர் உண்டு என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கை வைக்கும் முன்

வண்டி முழுதாக நிற்க வேண்டும். லோகோ பைலட்டுக்குத் தகவல் போய், இரு பக்கமும் சிவப்புக் கொடி நட்ட பிறகே இரண்டு வண்டிகளுக்கு நடுவில் போக வேண்டும். சரிவில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நகரும் வண்டியின் கப்ளரைக் கையாலோ காலாலோ நேராக்குவது ஒருபோதும் கூடாது. கை நசுங்கும் விபத்து நடப்பது அந்த ஒரு நொடியில்தான்.

எல்ஹெச்பி பெட்டிகளுக்கு நடுவே 750 வோல்ட் மும்முனை மின்சாரம் போகிறது. மின் கப்ளரைத் தொடுமுன் சப்ளை நிறுத்தப்பட்டதை மின் பிரிவு ஊழியர் உறுதி சொல்ல வேண்டும். காற்றுக் குழாய்களில் பிரேக் பைப்பில் சதுர செமீக்கு 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் இருக்கும். இரு பக்க ஆங்கிள் காக்கு எனும் அடைப்பான்களையும் மூடாமல் ஹோஸைப் பிரித்தால் அது சாட்டையாக அடிக்கும்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், வயர் பிரஷ், ஒரு மீட்டர் கடப்பாரை, சுத்தியல், புதிய ஸ்பிளிட் பின்கள், நக்கிள் கேஜ், ஸ்டீல் டேப், நேர்ச்சட்டம், சாக்பீஸ். எண்ணெய்க் கேனும் கிரீஸும் வேண்டாம். கப்ளர் தலைக்குள் எண்ணெய் விட்டால் நிலக்கரித் தூளும் சிமென்டும் அதில் ஒட்டிக் களியாகி, லாக் விழுவதையே தடுத்துவிடும். இறுக்கமாக இருந்தால் உலர்ந்த கிராஃபைட் தூள் போதும்.

அறிகுறி 1: தள்ளிச் சேர்த்தும் மாட்டவில்லை

இரண்டு நக்கிளும் மூடியிருந்தனவா?

செலவே இல்லாத காரணம் இதுதான். ஒன்றாவது முழுதாகத் திறந்திருந்தால்தான் எதிர் நக்கிள் உள்ளே புகுந்து அதைச் சுழற்றி மூடும். வண்டியைப் பின்னால் எடுத்து, நின்ற பிறகு ஹேண்டிலால் (லாக்கைத் தூக்கும் கைப்பிடிக் கம்பி) ஒரு பக்கத்தைத் திறந்து, நடை வேகத்தில் மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். வேகமாக மோதினால் மாட்டிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மாட்டாத கப்ளர் வேகத்தால் மாட்டாது, கப்ளருக்குப் பின்னால் அதிர்ச்சி தாங்கும் டிராஃப்ட் கியர்தான் அடி வாங்கும்.

தலைகள் நேருக்கு நேர் இல்லையா?

வளைவில் இது சகஜம். வண்டியை நிறுத்தி, நடுவில் போதிய இடைவெளி விட்டு, கடப்பாரையால் தலையை நெம்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நெம்பியும் தலை அசையவில்லை என்றால் ஷாங்க் (தலையின் பின்தண்டு) ஸ்ட்ரைக்கரில் (அது நுழையும் வண்டிமுனை வார்ப்பு) மாட்டியிருக்கிறது, அல்லது அதை டிராஃப்ட் கியரோடு கோக்கும் யோக் சட்டத்தின் பின் அருகே இறுகியிருக்கிறது. அது சிக் லைன் (பழுதான வண்டிகளைச் செப்பனிடும் இடம்) வேலை. ஹெச் வகையில் தலையின் ஒரு பக்கம் நீட்டிய சிறகும் மறுபக்கம் அது நுழையும் பையும் உண்டு. அந்தப் பையில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தாலும் தலைகள் நெருங்காது. வயர் பிரஷ் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

நக்கிள் பாதிதான் திறக்கிறதா?

ஹேண்டிலை முழுதாகச் சுழற்றினால் உள்ளே உள்ள த்ரோயர் நக்கிளின் வாலைத் தட்டி வெளியே எறிய வேண்டும். லாக் மேலே போகிறது, ஆனால் நக்கிளைக் கையால் இழுத்தால்தான் வருகிறது என்றால் த்ரோயர் தன் இடத்தில் இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. ஹேண்டிலே முழுதாகச் சுழலவில்லை என்றால் முதலில் ஹேண்டில் கம்பியின் வளைவையும் பிராக்கெட்டையும் பாருங்கள்.

நக்கிள் மூடுகிறது, லாக் விழவில்லையா?

டார்ச் அடித்துத் தலையின் அடிப்பக்கம் பாருங்கள். லாக்கின் அடியில் தொங்கும் லிஃப்ட் அமைப்பு முழுதாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே அழுக்கு, அல்லது லாக்கின் அமரும் முகத்தில் பிசிர் தட்டியிருக்கிறது. அழுக்கைச் சுரண்டி எடுங்கள். பிசிருக்குக் களத்தில் அரம் போட வேண்டாம். எவ்வளவு எடுத்தோம் என்பது தெரியாமல் எடுத்தால் அடுத்த பிழையாக லாக் ஏறிவரும்.

உயரம் ஒத்துப்போகவில்லையா?

ரயில் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளரின் மையம் வரை அளவு எடுங்கள். இரு தண்டவாளத்தின் மேலும் நேர்ச்சட்டம் வைத்து, சமதளமான நேர்ப்பாதையில் அளந்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. காலி வண்டியில் 1105 மிமீக்கு மேல் போகக் கூடாது. பாரம் ஏறிய நிலையில் 1030க்குக் கீழே இறங்கக் கூடாது.

உயரம் குறைந்தால் உடனே கப்ளரைக் குறை சொல்ல வேண்டாம். பாக்ஸ்என் வகைத் திறந்த சரக்கு வேகனின் சக்கரம் புதிதில் 1000 மிமீ விட்டம், கழிக்கும் அளவு 906. அதாவது தேய்மானம் முடியும்போது வண்டி 47 மிமீ தாழ்ந்திருக்கும். எல்ஹெச்பியில் 915இலிருந்து 845 வரை, ஆக 35 மிமீ. சக்கர விட்டம், உடைந்த போகி ஸ்பிரிங், தேய்ந்த கேரியர் தகடு (ஷாங்க்கைத் தாங்குவது) என்ற வரிசையில் பாருங்கள். வண்டியின் உயரம் சரியாக இருந்து தலை மட்டும் மூக்கு கவிழ்ந்திருந்தால் ஷாங்க்கின் அடித்தகடு தேய்ந்திருக்கிறது. எல்ஹெச்பியில் தலையைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். எல்லாமே சிக் லைனில் வண்டியைத் தூக்கிச் செய்யும் வேலைகள்.

அறிகுறி 2: மாட்டியது போலத் தெரிகிறது, இழுத்ததும் விடுகிறது

இது மாட்டாததைவிட ஆபத்தானது. மாட்டாத கப்ளர் கண்ணுக்குத் தெரியும். இதுவோ கிளம்பிய பிறகுதான் தெரியும்.

கப்ளர் மாட்டியதும் சத்தத்தை நம்பிக் கையசைத்துவிட்டுப் போகாதீர்கள். நக்கிள் மூடும்போதும் ஒரு ‘டங்’ கேட்கும், லாக் விழும்போதும் ஒன்று கேட்கும். இரைச்சலில் எது எது என்று பிரிக்க முடியாது. மூன்றையும் பாருங்கள்: ஹேண்டில் தன் பிராக்கெட்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா, லிஃப்ட் அமைப்பு கீழே இறங்கியிருக்கிறதா, எஞ்சினை மெல்ல இழுக்கச் சொன்னால் இரண்டு நக்கிளும் விறைப்பாக நிற்கின்றனவா. ஹெச் வகையில் தலையின் அடியில் உள்ள, பூட்டியதைக் காட்டும் டெல்-டேல் பள்ளத்தையும் பாருங்கள். நன்றாகப் பூட்டியது உறுதியான அடுத்த ஜோடியின் பள்ளத்தோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது.

விடுகிறது என்றால் காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

ஹேண்டில் பள்ளத்தில் அமராமல் மேலேயே நின்றது. அப்போது லாக் தூக்கிய நிலையிலேயே இருக்கும். கையால் இறக்கி அமர்த்தினால் போதும். அமரவே மறுத்தால் கம்பி வளைந்திருக்கிறது, பழுதை எழுதி மாற்றச் சொல்லுங்கள்.

உள்ளே அழுக்கு. அறிகுறி 1இல் சொன்ன அதே வேலை.

நக்கிள் மூக்கும் எதிரே உள்ள கார்ட் ஆர்மும் (கப்ளர் தலையின் அசையாத கை) விலகிவிட்டன. மூடிய நிலையில், வேகன்களின் ஈ வகைக் கப்ளரில் இந்த இடைவெளி 135 மிமீயைத் தாண்டினால் அது ஓடக் கூடாது. கேஜ் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் கழிக்க வேண்டியதுதான். எது தேய்ந்தது என்று தெரிய ஒரு வழி உண்டு. புதிய நக்கிள் ஒன்றைப் போட்டு மறுபடி கேஜ் வையுங்கள். இப்போது நுழையவில்லை என்றால் நக்கிள்தான் தேய்ந்தது. புது நக்கிளிலும் நுழைந்தால் கார்ட் ஆர்ம் விரிந்திருக்கிறது, கப்ளர் பாடியையே மாற்ற வேண்டும்.

நக்கிள் பின் வளைந்திருக்கிறது. பலரும் பின்னை மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இழுவைப் பாரத்தை பின் தாங்குவதே இல்லை. நக்கிளின் வாலில் உள்ள திமில்கள் பாடியின் திமில்களில் மாட்டி இழுக்கின்றன, பின் வெறும் கீல் மட்டுமே. பின் வளைந்தது என்றால் திமில்கள் தேய்ந்து, பாரம் பின் மேல் வந்துவிட்டது. பின்னை மட்டும் மாற்றினால் அதுவும் வளையும், ஒரு நாள் அறுந்து நக்கிளே விழும்.

அறிகுறி 3: ஓடும் வழியில் வண்டி பிரிந்தது

ஹோஸ்கள் பிடுங்கிக்கொண்டு பிரேக் பைப் அழுத்தம் போய், இரு பாதியும் நிற்கும். உடனே எஞ்சினைப் பின்னால் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு போகத் தோன்றும். பொறுங்கள். விதிப்படி பாதுகாப்பு ஏற்பாடு முடிந்து, பின்பாதிக்குக் கைபிரேக்கும் கட்டையும் போட்ட பிறகு, பிரிந்த இரண்டு முனைகளையும் யாரும் தொடுமுன் நன்றாகப் பாருங்கள். முடிந்தால் படம் எடுங்கள். ஹேண்டிலை ஒரு முறை அசைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

நக்கிள் திறந்து கிடக்கிறது, எதுவும் உடையவில்லை

லாக் தானே மேலே ஏறியிருக்கிறது, அல்லது சரியாக விழவேயில்லை. ஹேண்டில் பள்ளத்துக்கு வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் கம்பிக்கும் லிஃப்ட் அமைப்புக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி விறைப்பாக இருந்தால், வண்டி இழுபட்டு டிராஃப்ட் கியர் நீளும்போது கம்பியே லாக்கைத் தூக்கிவிடும். நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஓடும்போதுதான் பிழை வரும். அதனால் இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

அதுவும் சரி என்றால் லாக் தானாக ஏறாமல் தடுக்கும் படியைச் சோதியுங்கள். நக்கிளை மூடி, லாக்கை விழவிட்டு, ஹேண்டிலைத் தொடாமல், கடப்பாரை முனையால் லாக்கை மட்டும் அடியிலிருந்து மேலே நெம்புங்கள். சிறிது ஏறி டக்கென்று முட்டி நிற்க வேண்டும். நிற்காமல் ஏறி நக்கிள் திறந்துகொண்டால் தடுப்புப் படி தேய்ந்துவிட்டது. லாக்கையும் அதைத் தூக்கும் லிஃப்ட் டாகிளையும் மாற்றி மறுபடி நெம்பிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் பாடிக்குள் உள்ள படி தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை சிக் எழுதாமல் அனுப்பக் கூடாது.

நக்கிள் உடைந்திருக்கிறது

உடைந்த முகத்தை வயர் பிரஷ் போடாமல் அப்படியே பாருங்கள். புதிதாக அறுந்த எஃகு கற்கண்டை உடைத்தாற்போல் மணிமணியாகப் பளபளக்கும். பழைய விரிசல் துருப்பிடித்துப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒரு மூலையில் கறுப்பு, மிச்சம் பளபளப்பு. கறுப்புப் பகுதி எவ்வளவோ, அந்த அளவுக்கு அந்த நக்கிள் முன்பே செத்திருந்தது என்று பொருள். முகத்தில் வழவழப்பான சிறு குழிகள் தெரிந்தால் வார்ப்பிலேயே குறை. நக்கிளில் அச்சான எண்ணையும் தயாரித்த ஆண்டையும் குறித்துக்கொண்டு துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

முகம் முழுக்கப் பளபளப்பு, பழைய விரிசலே இல்லை என்றால் நக்கிளின் மேல் குற்றமில்லை. பின்னால் ஏதோ ஒரு வண்டி பிடித்திருக்கிறது. விடாத கைபிரேக், பிரேக் விலகாத சிலிண்டர், சூடேறிய சக்கரம் என்று பின்பாதி முழுக்க நடந்து பாருங்கள். இதைப் பார்க்காமல் புது நக்கிள் போட்டால் அடுத்த மேட்டில் அதுவும் போகும்.

வழியில் மாற்ற வேண்டிவந்தால், கடைசி வண்டியின் பின்முனையில் சும்மா இருக்கும் கப்ளரிலிருந்து நக்கிளை எடுக்கலாம். கன்ட்ரோல் அலுவலகத்தின் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். ஈ வகையும் ஹெச் வகையும் ஒன்றோடொன்று மாட்டும், ஆனால் ஒன்றின் நக்கிள் மற்றதில் பொருந்தாது. நக்கிள் 35 முதல் 40 கிலோ, இருவர் வேண்டும்.

மாற்றும் வரிசை: ஸ்பிளிட் பின்னை எடுத்து நக்கிள் பின்னை மேலே உருவுங்கள். ஹேண்டிலால் லாக்கைத் தூக்கிப் பிடித்து நக்கிளை வெளியே இழுங்கள். த்ரோயர் தன் குழியில் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, குழியைச் சுத்தம் செய்யுங்கள். புது நக்கிளின் வாலை உள்ளே நுழைத்து, பின் போட்டு, புதிய ஸ்பிளிட் பின்னை விரித்து மடக்குங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போட வேண்டாம்.

பிறகு மூன்று நிலைச் சோதனை. மூடித் தள்ளினால் லாக் தானே விழ வேண்டும். ஹேண்டிலைப் பாதி சுழற்றினால் லாக் விடுபட்டு அங்கேயே நிற்க வேண்டும். முழுதாகச் சுழற்றினால் நக்கிள் எறியப்பட்டுத் திறக்க வேண்டும். மூன்று முறை செய்து மூன்று முறையும் சரியாக வந்தால்தான் கப்ளர் தேறியது.

இரண்டு நக்கிளும் மூடியிருக்கின்றன, லாக்கும் விழுந்திருக்கிறது, ஆனாலும் பிரிந்தது

பார்ப்பவர்கள் திகைக்கும் பிழை இது. ஒன்று மற்றதன் மேலே வழுக்கி வந்திருக்கிறது. நக்கிளின் செங்குத்து உயரம் சுமார் 280 மிமீ. காலி வண்டி 1105இலும் பாரவண்டி 1030இலும் நின்றால் வித்தியாசம் 75, பிடி 205 மிமீ மிச்சமிருக்கும். அந்தப் பிடியே தாங்கும். அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங் உடைந்து, தலையும் கவிழ்ந்து, பாதையில் ஒரு பள்ளமும் சேர்ந்தால் பிடி நழுவும். நக்கிள் முகத்தில் மேலோ கீழோ ஓரமாக மட்டும் புதிய உரசல் தடம் தெரிந்தால் இதுதான் என்று முடிவு செய்யலாம். ஹெச் வகையில் தலைகள் சிறகும் பையுமாகக் கோத்து மேலும் கீழும் நகராது என்பதால் அங்கே இது நடப்பது அரிது. எல்ஹெச்பி பெட்டி தடம் புரண்டாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருப்பதற்கு அந்தக் கோப்பும் ஒரு காரணம்.

களத்தில் செய்ய எதுவுமில்லை. உயரம் அளந்து எழுதி, இரு வண்டிகளையும் கழற்றி நிறுத்த வேண்டும்.

கப்ளர் தலையோடு வெளியே வந்துவிட்டது

யோக் பின், அதைத் தாங்கும் தகட்டின் போல்ட்டுகள், யோக் என்ற மூன்றில் ஒன்று போயிருக்கிறது. முதலில் பாதையில் கிடக்கும் உறுப்புகளைத் தேடுங்கள், அடுத்த வண்டி அதன் மேல் ஏறினால் தடம் புரளும். கம்பி வைத்துக் கட்டி இழுத்துச் செல்ல யோசிக்கவே வேண்டாம். சிக் லைன் ஆட்களை அழையுங்கள். இது நடப்பதற்கு முன்பே தெரியும் பிழை: தாங்கு தகட்டின் போல்ட்டுத் தலையைச் சுத்தியலால் தட்டினால் இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

அறிகுறி 4: கப்ளரை விட முடியவில்லை

ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலும் நக்கிள்கள் இழுபட்ட நிலையில் விறைத்து லாக்கை நசுக்கிக்கொண்டிருக்கும். எஞ்சினைக் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். தொய்வு வந்ததும் ஒரே ஆளால் தூக்க முடியும்.

தொய்வு வந்தும் தூக்க முடியவில்லை என்றால், எல்ஹெச்பியில் ஹேண்டிலின் பாதுகாப்புப் பின்னை எடுத்தீர்களா என்று பாருங்கள். வேகனில் ஹேண்டிலை முதலில் மேலே தூக்கிப் பள்ளத்திலிருந்து விடுவித்த பிறகே சுழற்ற வேண்டும். அப்படியே முறுக்கினால் கம்பிதான் வளையும், அந்த வளைந்த கம்பி நாளை அறிகுறி 2ஐக் கொண்டுவரும். ஒரு பக்கம் இறுகினால் எதிர்ப்பக்க ஹேண்டிலை முயலுங்கள், ஒரு நக்கிள் திறந்தாலே போதும். இரண்டும் வரவில்லை என்றால் அடியிலிருந்து அழுக்கைத் தட்டி, கிராஃபைட் தூவி முயலுங்கள். சுத்தியலால் லாக்கை அடித்துத் தூக்க வேண்டாம், கேஸ் கட்டரும் வேண்டாம்.

அறிகுறி 5: கிளம்பும்போதும் நிற்கும்போதும் உதறல்

சரக்கு வண்டியில் 58 வேகன் இருந்தால் அவற்றுக்கிடையே 57 இணைப்பு. ஒவ்வொன்றிலும் 10 மிமீ கூடுதல் தொய்வு இருந்தால் வண்டியின் நீளத்தில் அரை மீட்டருக்கு மேல், 570 மிமீ, வெறும் ஆட்டம். கடைசி வேகன் அந்தத் தூரத்தைக் கடந்து அறைந்து நிற்கும்போதுதான் நக்கிளும் யோக்கும் போகின்றன. அதனால் உதறலைச் சின்னப் பிழையாக விட வேண்டாம்.

முதலில் நக்கிள் கேஜ். தேய்ந்த நக்கிளை மாற்றுவது டிராஃப்ட் கியர் மாற்றுவதைவிடப் பலமடங்கு மலிவு. பிறகு கழற்றிய கப்ளரைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்புங்கள். 25 மிமீக்கு மேல் சுதந்திரமாக ஆடினால் டிராஃப்ட் கியர் தளர்ந்துவிட்டது. ஸ்ட்ரைக்கர் முகத்தையும் பாருங்கள். கப்ளர் தலையில் நீட்டிய கொம்பு அங்கே அடித்துப் பளபளப்பாகத் தடம் பதித்திருந்தால், கியர் தன் முழு ஓட்டமான சுமார் 83 மிமீயையும் தின்று தீர்த்து இரும்போடு இரும்பு மோதுகிறது என்று பொருள்.

எல்ஹெச்பியில் பயணிகள் உதறல் சொன்னால், ரேக்கில் (கோத்த பெட்டிகளின் தொடர்) பழைய வகை டிராஃப்ட் கியரும் புதிய பேலன்ஸ்டு டிராஃப்ட் கியரும் எந்தெந்தப் பெட்டியில் உள்ளன என்று குறித்துப் பாருங்கள். உதறல் எந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தொடங்குகிறது என்பதை ஓடும் வண்டியில் நின்று உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

டிராஃப்ட் கியரைக் களத்தில் கழற்ற வேண்டாம். அது பாக்கெட்டுக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தாங்கு தகட்டை அவிழ்த்தால் பாரமும் விசையும் சேர்ந்து கீழே வரும். அதற்கான கருவியும் ஆட்களும் உள்ள சிக் லைனில் மட்டுமே செய்ய வேண்டும். விரிசல் கண்ட நக்கிளையும் யோக்கையும் அங்கேயே வெல்டிங் செய்து அனுப்புவதும் கூடாது. வார்ப்பு எஃகை முறையாகச் சூடேற்றி, பற்றவைத்து, மறுபடி பதப்படுத்தாவிட்டால் வெல்டிங்கின் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும்.

ஐசிஎஃப் பெட்டி: திருகு கப்ளிங்கில் உதறல்

பெரம்பூரில் இந்த வகைப் பெட்டி கட்டுவது 2018 தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஓடுபவை இன்னும் உண்டு. இங்கே உதறலுக்கு முதல் காரணம் திருகைப் போதிய அளவு இறுக்காததுதான். இரு பக்க பஃபர்களும் (பெட்டி முனையில் மோதல் தாங்குபவை) முகத்தோடு முகம் தொட்டு லேசாக அழுந்தும் வரை திருகுங்கள். தண்டின் ஒரு பாதி வலமரை, மறுபாதி இடமரை என்பதால் ஒரே திசையில் திருகினால் இரு பக்கமும் நெருங்கும். ஒரு பக்கம் மட்டும் நெருங்கினால் மறுபக்க மரை தேய்ந்தோ இறுகியோ இருக்கிறது, மாற்றுங்கள். இந்த மரைக்குக் கிரீஸ் உண்டு. கப்ளர் தலைக்குச் சொன்ன தடை இதற்கு இல்லை.

இறுக்கியும் ஒரு பக்க பஃபர் மட்டும் தொடாமல் நின்றால் அதன் நீட்டத்தை ஹெட்ஸ்டாக் எனும் முனைச் சட்டத்திலிருந்து அளவிடுங்கள். 635 மிமீ இருக்க வேண்டியது 584க்குக் கீழே போயிருந்தால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. பெட்டிக்கு சிக் லேபிள் ஒட்டி, எந்த முனை, எந்தப் பக்கம், எத்தனை மிமீ என்று எழுதுங்கள். ‘பஃபர் கெட்டது’ என்று மட்டும் எழுதினால் சிக் லைனில் நான்கையும் அளந்து பார்க்க வேண்டிவரும்.